ஓடிய வண்டிகளை ஏன் கொன்றீர்கள்?

ஓடாத வண்டிக்குக் காசு கிடையாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், ஏதோ துருப்பிடித்த குப்பையை ஊரைவிட்டு அகற்றிய நல்ல காரியம் அது என்று இன்றுவரை பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2009-இல் அமெரிக்க அரசு பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்குகிறவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்ததே, ‘கேஷ் ஃபார் கிளங்கர்ஸ்’ என்று ஊரே அழைத்ததே, அதைத்தான் சொல்கிறேன். கொடுக்கிற கார் சாலையில் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். முந்தைய ஒரு வருடம் முழுக்க அதே ஆளின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் விட்டுப்போகாமல் கட்டியிருக்க வேண்டும். கொல்லையில் செடி மண்டிக் கிடக்கும் காரைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்று காலையில் ஒருவரை வேலைக்குக் கொண்டுபோய் விட்ட கார்தான் அவர்களுக்கு வேண்டும். அதை வாங்கி, எஞ்சினுக்குள் ஒரு கரைசலை ஊற்றி, ஓடவிட்டே கொன்றார்கள். ஒன்றா இரண்டா? 6,77,000-க்கும் மேல். செலவு ஏறத்தாழ 290 கோடி டாலர். அதில் என் பணமும் இருந்தது.

உனக்கு இதில் என்னய்யா இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். அந்தத் திட்டம் என்னைக் காப்பாற்றப் போடப்பட்ட திட்டம். கார்த் தொழில் சாகிறது, அதை நம்பிய குடும்பங்கள் சாகின்றன என்று சொல்லித்தானே கொண்டுவந்தார்கள்? அந்தக் குடும்பங்களில் ஒன்று என்னுடையது.

டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில், கார் எஞ்சினுக்குப் பேரிங் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு டிசைன் வேலை. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்தவன். என்னைப் போல் அந்த வட்டாரத்தில் ஏராளம் பேர். ட்ராய், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ், கான்டன் என்று எந்த ஊர் அபார்ட்மென்ட்டிலும் சாயங்காலம் குக்கர் விசில் கேட்கும். 2008 கடைசியில் ஆர்டர்கள் வற்றின. கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30-இல் திவால் மனு போட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1-இல் போட்டது. பெரிய மரங்கள் விழுந்த செய்திதான் பத்திரிகையில் வந்தது. எங்களைப் போன்ற சில்லறை சப்ளையர்கள் அதற்கு முன்பே படுத்துவிட்டோம். மிச்சிகனில் வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டியிருந்த கோடை அது. கிரீன் கார்டு வந்திருந்ததால் நான் பெட்டி கட்ட வேண்டியிருக்கவில்லை. விசாவில் இருந்த நண்பர்கள் பாதிச் சாமானை விற்றும் விற்காமலும் ஊருக்கு விமானம் ஏறினார்கள்.

வேலையில்லாதவனுக்கு அரசு கொடுக்கும் படிப்பணத்துக்கும் அந்த நாட்டில் வருமான வரி உண்டு, தெரியுமா? அந்த ஆண்டு மட்டும் பெரிய மனது பண்ணி முதல் 2,400 டாலருக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதற்கு மேல் வருவதற்கு வரி கட்ட வேண்டும். வேலை போனவனின் கையில் கொடுத்ததிலும் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்ட அதே அரசுதான், புதுக் கார் வாங்க வந்தவருக்கு 3,500, 4,500 என்று எண்ணிக் கொடுத்தது. வாங்குகிறவரின் வருமானம் என்ன என்று ஒரு கேள்வி கிடையாது. புதுக் காரின் விலை 45,000 டாலருக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான் வரம்பு. நாற்பத்தைந்தாயிரம் டாலர் கார் வாங்க வக்கு இருக்கிறவனுக்கு என் படியில் பிடித்த காசு எதற்கய்யா?

இந்தச் சட்டம் பிறந்த விதத்தையும் கேளுங்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பணம் ஒதுக்குவதற்கென்று வந்த, பத்தாயிரம் கோடி டாலருக்கும் மேற்பட்ட மசோதாவின் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒபாமா ஜூன் 24-இல் கையெழுத்துப் போட்டார். ஒதுக்கியது 100 கோடி டாலர். ஜூலை 24-இல் டீலர்கள் மனுப் போடத் தொடங்கினார்கள்; ஒரே வாரத்தில் பணம் தீர்ந்துவிட்டது. இவ்வளவு வேகமாகத் தீர்கிறதே, நாம் ஏதாவது தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோமா என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. தீர்ந்ததையே வெற்றி என்றார்கள்! இலவசமாகக் கொடுத்தால் தீராமல் என்ன செய்யும்? பிரதிநிதிகள் சபை மறுநாளே கூடி இன்னொரு 200 கோடியைத் தூக்கிக் கொடுத்தது. செனட்டில் 60-க்கு 37 என்று நிறைவேறியது. ஆகஸ்டு 7-இல் மறுபடியும் கையெழுத்து. அந்த 200 கோடி எங்கிருந்து வந்தது? காற்றாலை, சூரிய மின்சாரம் போன்றவற்றுக்குக் கடன் உத்தரவாதம் கொடுக்க ஒதுக்கி வைத்திருந்த நிதியிலிருந்து. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சுற்றுச்சூழலுக்கென்று வைத்த உண்டியலையே உடைத்தார்கள். ஆகஸ்டு 24 இரவு எட்டு மணிக்குக் கடையை மூடினார்கள்.

எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தது 1998 கொரோலா. இரண்டு லட்சம் மைல் தாண்டியது. கியர் மாறும்போது முனகும். குளிர்காலத்தில் எழுப்புவதற்குள் பிராணன் போகும். ஆனால் கேலனுக்கு 26, 27 மைல் கொடுத்துவிடும். கோயிலில் பார்த்த ஒரு தம்பி, பெரிய கம்பெனியில் வேலை தப்பியவன், சுண்டல் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணா, உங்க வண்டியக் கொடுத்துடுங்க. கவர்ன்மென்ட் நாலாயிரத்து ஐந்நூறு தருது. நான் எக்ஸ்ப்ளோரரக் கொடுத்துட்டுப் புதுக் கொரோலா புக் பண்ணிட்டேன்.”

“என் வண்டி சேராதுப்பா. கேலனுக்குப் பதினெட்டு மைலோ அதுக்குக் கீழயோ கொடுத்தாத்தான் காசு.”

“அப்ப உங்க வண்டி நல்ல வண்டிங்கறதாலயா இல்லேங்கறான்?”

அவன் விளையாட்டாகக் கேட்டான். நான் சிரிக்கவில்லை. அதுதானே நடந்தது? பனிக்காலத்துக்கு என்று பிரம்மாண்டமாக ஒரு எஸ்யூவி வாங்கி, பத்து வருடம் பெட்ரோலைக் குடிக்கவிட்டவனுக்கு 4,500 டாலர் பரிசு. பெட்ரோல் விலையைப் பார்த்து, கையைச் சுருக்கி, சின்ன வண்டியாகப் பார்த்து வாங்கி ஓட்டியவனுக்குக் கைவிரிப்பு. என்னப்பன் ஈரோட்டில் சைக்கிளில் வேலைக்குப் போய் மிச்சம் பிடித்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். செலவு செய்யாதவன் ஏமாளி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு வாஷிங்டன் சொல்லிக்கொடுத்தது.

பெரிய டிரக்குகளுக்கு இன்னும் தாராளம். பழைய பெரிய பிக்கப்பைக் கொடுத்துவிட்டுப் புதுப் பிக்கப் வாங்கினால் கேலனுக்கு ஒரே ஒரு மைல் கூடினாலே போதும், 3,500 டாலர். இரண்டு மைல் கூடினால் 4,500. அசோசியேட்டட் பிரஸ் பிறகு அரசின் பதிவுகளை எடுத்து அலசியபோது, மிக அதிகமாக நடந்த மாற்று எது தெரியுமா? பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பைக் கொடுத்துவிட்டுப் புது ஃபோர்டு எஃப்-150 வாங்கியது. 8,200 தடவைக்கு மேல். அதே கம்பெனி, அதே வண்டி, புதுப் பெயின்ட்.

கார்களின் சராசரி மைலேஜ் 15.8-இலிருந்து 24.9-க்கு உயர்ந்தது என்று அரசு ஒரு கணக்கு வைத்திருந்தது. அதில் பொய் இல்லை. கொரோலாவும் சிவிக்கும் நிறைய விற்றன. ஆனால் ஒரு புதுக் காரை உருக்கி, வார்த்து, வர்ணமடித்து, கப்பலேற்றிக் கொண்டுவருவதற்கு எரிந்த எரிபொருள் யார் கணக்கில் எழுதப்பட்டது? வாரத்துக்கு ஒருதரம் கடைக்குப் போய்வரும் பழைய இரண்டாம் காரையும், தினம் அறுபது மைல் ஓடும் காரையும் ஒரே தராசில் வைத்துத்தானே காசு கொடுத்தீர்கள்?

இந்தத் திட்டத்தின் உள்ளே ஒரு விஷயம் இருக்கிறது. என் காதில் விழ யாரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை. பேசாததுதான் எனக்கு ஆறவில்லை. பழைய காருக்கு அரசு கொடுப்பது 3,500 அல்லது 4,500. அப்படியானால் எந்தக் காரை ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார்? வெளியில் விற்றால் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும் காரைத்தான் கொடுப்பார். எட்டாயிரம் டாலர் பெறுகிற காரை நாலாயிரத்து ஐந்நூறுக்கு யார் கொடுப்பார்கள்? ஆக, ஓடிக்கொண்டிருக்கிற, இன்ஷூரன்ஸ் இருக்கிற, நாலாயிரத்து ஐந்நூறு டாலருக்கு உட்பட்ட வண்டிகள். அது யாருடைய சந்தை? ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் பெண், சிறையிலிருந்து வெளியே வந்தவர், கல்லூரிக்குப் போகும் ஏழை வீட்டுப் பையன், வேலை போன பேரிங் டிசைனர். நாங்கள் நிற்கும் அந்த ஒரே அலமாரியைப் பார்த்து அளவெடுத்துக் காலி செய்தார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லவில்லை. நாங்கள் அங்கே நிற்கிறோம் என்பதே அவர்கள் கண்ணில் படவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட எங்களை ஒரு பொருட்டாக மதித்தார்கள் என்று ஆகியிருக்கும்.

அந்த ஊரில் கார் இல்லாதவனுக்குக் கால் இல்லை. சென்னையில் பஸ் போனால் அடுத்த பஸ், அதுவும் இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. டெட்ராய்ட்டைச் சுற்றி நோவை, லிவோனியா போன்ற ஊர்கள் புறநகர்ப் பேருந்து அமைப்பே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தன. அந்த ஊர் எல்லையில் பஸ் நின்றுவிடும். அதற்கப்பால் ஆறு வழிச் சாலையோரம், நடைபாதை இல்லாத பனிச் சேற்றில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி, நம்பகமான வண்டி இருக்கிறதா என்பதுதான். படிப்பையும் அனுபவத்தையும் பற்றி அப்புறம்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் என் கொரோலாவின் கியர்பாக்ஸ் கைவிட்டது. பழைய கார் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். ‘எய்ட் மைல்’ என்ற சாலையின் ஓரக் கடைகளில் முன்பு வண்டிகள் கம்பிக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். விண்ட்ஷீல்டில் வெள்ளைச் சாயத்தில் விலை எழுதியிருக்கும். அந்த வரிசை பல்லுப்போன வாயாக இருந்தது. இருந்ததற்கு முன்பைவிட ஆயிரம் டாலர்வரை கூடக் கேட்டார்கள். விற்பனைக்காரர் ஒருவர் தோளைக் குலுக்கிவிட்டு, மலிவு வண்டியெல்லாம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்றார்.

முழுப் பழியையும் திட்டத்தின் தலையில் போடமாட்டேன். மந்தத்தில் எல்லோரும் இருக்கிற காரையே இழுத்துப் பிடித்து ஓட்டினார்கள். புதுக் கார் விற்பனை விழுந்ததால் சந்தைக்கு வரும் பழைய காரும் குறைந்தது. அமெரிக்கச் சாலைகளில் ஓடுவது 25 கோடி வண்டி, அதில் ஏழு லட்சம் எம்மாத்திரம் என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் கேட்பார்கள். அந்த 25 கோடியில் நான் வாங்கக்கூடியது எத்தனை என்று சொல்லுங்கள் என்றால் பதில் வராது. பற்றாக்குறை என்று தெரிந்த பிறகும் இருப்பதை அழிப்பதை என்னவென்று சொல்வது? பஞ்ச காலத்தில், விலை ஏறட்டும் என்று ஒருவன் நெற்களஞ்சியத்தைக் கொளுத்தினால் நம்மூரில் அவனை என்ன செய்வார்கள்?

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எனக்குக் கடைசியில் கிடைத்த வேலை ஒரு காயலான் கடையில். அங்கே அதைப் பெரிய பெயர் வைத்துச் சொல்வார்கள். ஏக்கர் கணக்கில் இடம், கம்ப்யூட்டரில் இருப்புக் கணக்கு, எல்லாம் உண்டு. ஆனால் காயலான் கடைதான். பழைய காரைப் பிரித்து உதிரிப் பாகங்களாக விற்பார்கள். மிச்சத்தை நசுக்கி இரும்புக்குப் போடுவார்கள். இந்தத் திட்டத்தால் வண்டிகள் வந்து குவிந்ததால் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அந்த வழியாகப் போவார், அவர் வண்டியில் தொற்றிக்கொள்வேன். இழுவை டிரக்கோடு டீலர் கடைகளுக்குப் போய் வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏற்றிவருவதும் என் வேலை. அப்படிப் போன இடத்தில் ஒருமுறை, திட்டம் முடிந்த பிறகும் டீலரிடம் தேங்கிக் கிடந்த வண்டிகளின் கடைசிக் கட்ட வேலையைப் பின்கட்டில் செய்துகொண்டிருந்தார்கள்.

ஜீப் கிராண்ட் செரோக்கி ஒன்று. உள்ளே ஒரு குழந்தை இருக்கையின் தடம் சீட்டில் அப்படியே பதிந்திருந்தது. மெக்கானிக் அடியில் படுத்து ஆயிலை வடித்தார். அடைப்பானைத் திரும்ப முடுக்கினார். ஆயில் ஊற்றும் வாயில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றினார். அது வேறொன்றுமில்லை, திரவக் கண்ணாடி. நாற்பது பங்கு சிலிகேட், அறுபது பங்கு தண்ணீர், ஏறத்தாழ இரண்டு லிட்டர். பிறகு ஸ்டார்ட் செய்து, நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் எஞ்சினை ஓடவிட்டார். இது மெக்கானிக்கின் யோசனை இல்லை, அரசு எழுதி அனுப்பிய முறை. படிப்படியாக அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

ஓடும் எஞ்சினுக்குள் கிராங்க் தண்டு பேரிங்கைத் தொடுவதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. நடுவில் ஆயில் ஒரு படலமாக நிற்கிறது. தண்டு அதன்மேல் மிதக்கிறது. அந்த இடைவெளி மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அந்த இடைவெளியை வரைவதுதான் என் தொழிலாக இருந்தது. எந்த உலோகத்தை எந்தத் தடிமனில் பூசினால் தேயாது, எங்கே பள்ளம் வெட்டினால் ஆயில் சரியாகப் பாயும் என்று என் இளமையின் நல்ல வருடங்களைத் திரையின் முன்னால் உட்கார்ந்து கழித்தேன். அந்த இடைவெளிக்குள்தான் கண்ணாடியை அனுப்பினார்கள். சூட்டில் தண்ணீர் ஆவியாகும், சிலிகேட் இறுகும், இறுகியது மணல் தாளாகத் தேய்க்கும். முதலில் சத்தத்தில் ஒரு கரகரப்பு. பிறகு தட்டல். வெள்ளைப் புகை. சில எஞ்சின்கள் ஓரிரு நிமிடத்தில் இறுகி நின்றுவிடும். இந்தச் செரோக்கி நிற்க மறுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அது பழகவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒரு பையன் போனில் படம் எடுத்தான். அந்தக் கோடையில் இப்படி எஞ்சின் சாவதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவது ஒரு கேளிக்கையாகவே ஆகியிருந்தது. கடைசியில் ஒரு உதறல், ஒரு முட்டல், அவ்வளவுதான். ஆறவிட்டு மறுபடியும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்று விதி. உயிர் இருக்கிறதா என்று சோதிக்க. இல்லை. நான் காகிதத்தில் டிக் அடித்தேன்.

விண்வெளிக்கு ராக்கெட் விடுகிற நாடு, மூன்று லட்சம் மைல் ஓடக்கூடிய எஞ்சினை உண்டாக்கக் கற்றுக்கொண்ட நாடு, அதைச் சில நிமிடங்களில் எப்படிக் கொல்வது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறது!

எஞ்சின்தான் காயலான் கடைக்குச் சோறு போடும் பாகம். கதவும் விளக்கும் கண்ணாடியும் விற்கலாம் என்று அனுமதித்தார்கள். எஞ்சினை விற்கக் கூடாது. நூற்றெண்பது நாளுக்குள் மிச்சத்தை நசுக்கியாக வேண்டும். அதற்குள் எவ்வளவு பாகத்தைக் கழற்ற முடியும்? பழைய பாகத் தொழில் செய்கிறவர்களின் சங்கம் ஆரம்பத்திலேயே, எஞ்சினை அழிக்காதீர்கள் என்று கத்தியது. யார் காதில் விழுந்தது?

எங்கள் கவுன்டருக்கு ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். கறுப்பினத்தவர், கூரை வேலை செய்கிறவர், கையெல்லாம் தார். அவருடைய எக்ஸ்ப்ளோரரின் எஞ்சின் போய்விட்டது. ஏணியும் சாமானும் ஏற்றிப்போக அவருக்கு அதுதான் வண்டி. எஞ்சின் இருக்கிறதா என்று கேட்டார். திட்டத்தில் மிக அதிகமாகக் கொண்டுவந்து கொடுக்கப்பட்ட வண்டியே எக்ஸ்ப்ளோரர்தான். கவுன்டரின் ஜன்னல் வழியாகவே வரிசையாகத் தெரியும். அவர் வெளியே கையைக் காட்டி, அத்தனை நிற்கிறதே என்றார். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒட்டியிருக்கும் அரசுச் சீட்டை நான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது: இந்த எஞ்சின் ஆயிலுக்குப் பதிலாகச் சிலிகேட் ஊற்றி ஓட்டப்பட்டது, உள்ளே சேதமாகிவிட்டது. நான் சொல்வதை அவர் நம்பவில்லை. நான் ஏதோ பேரம் பேசுகிறேன் என்று நினைத்து விலையைக் கூட்டினார். அப்புறம் வெளியே போய்த் தானே பார்த்துவிட்டு வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதே வருடம் ஜெர்மனியிலும் இப்படியொரு திட்டம் நடந்தது. ஒன்பது வருடப் பழைய காரைக் கொடுத்தால் 2,500 யூரோ. மொத்தம் 500 கோடி யூரோ. இருபது லட்சத்தை ஒட்டிக் கார்கள். நம்மதைவிடப் பெரிய கூத்து. ஆனால் அங்கே எஞ்சினைக் கொல்லச் சொல்லவில்லை. நசுக்கியதாகக் கணக்குக் காட்டிவிட்டுக் கார்களை ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் கடத்தி விற்றார்கள் என்று பிறகு குற்றச்சாட்டு எழுந்தது. சட்டப்படி அது திருட்டு. எனக்கென்னவோ அந்தத் திருடர்கள்மேல் கோபமே வரவில்லை. எங்கோ ஒருவர் அந்தக் காரில் குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுபோயிருப்பார்.

சரி, இவ்வளவு அழிவுக்குப் பிறகாவது கார்த் தொழிலுக்கு நன்மை உண்டா? ஆகஸ்டில் அமெரிக்கா முழுவதும் விற்ற புது வண்டி 12.6 லட்சம். செப்டம்பரில் ஏழரை லட்சத்துக்கு விழுந்தது. எப்படியும் டிசம்பரிலோ மார்ச்சிலோ வாங்கவிருந்தவர்கள் காசு கிடைக்கிறதே என்று ஆகஸ்டில் வாங்கிவிட்டார்கள். அப்புறம் யார் இருக்கிறார்கள் வாங்க? ஆதிஃப் மியான், அமீர் சூஃபி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள்: கூடுதலாக விற்றவை சுமார் 3.7 லட்சம், அதுவும் 2010 மார்ச்சுக்குள் ஏறத்தாழ முழுவதும் கழிந்துவிட்டது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்த ஆய்வு இன்னும் மோசம். பெரிய வண்டி வாங்கவிருந்தவர்களும் தள்ளுபடிக்காக மலிவான சின்ன வண்டிக்கு மாறினார்கள். அதனால் ஒரு வருடத்துக்குள் புது வண்டிகளுக்கு மக்கள் செலவிட்ட மொத்தப் பணம் 500 கோடி டாலர் அளவுக்குக் குறைந்தது என்று கண்டார்கள். புரிகிறதா? தொழிலைக் காப்பாற்ற 290 கோடி கொடுத்தார்கள், தொழிலுக்கு வரவேண்டிய 500 கோடி போயிற்று. என் கம்பெனிக்கு ஒரு ஆர்டர்கூடத் திரும்பவில்லை.

டீலர்களும் சும்மா தப்பவில்லை. தள்ளுபடியை முதலில் அவர்கள் கைக்காசிலிருந்து கொடுத்துவிட்டு அரசிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் படுத்தது, மனுக்கள் குவிந்தன, காசு வரவில்லை. நியூயார்க் பக்கம் பாதி டீலர்கள் போதுமடா சாமி என்று நடுவிலேயே விலகினார்கள். வாடிக்கையாளருக்குச் சிரித்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு, சம்பளத்துக்குக் கடன் வாங்கிய முதலாளிகளும் அந்த மாதத்தில் இருந்தார்கள். அவர்களுக்காக நான் ரொம்ப அழப்போவதில்லை. கடைசியில் அவர்களுக்குப் பணம் வந்துவிட்டது.

அந்த அக்டோபரில் எட்மண்ட்ஸ் என்ற கார்ச் சந்தை நிறுவனம், திட்டம் இல்லாமலேயே விற்றிருக்கக்கூடியவற்றைக் கழித்துப் பார்த்தால் கூடுதலாக விற்ற ஒவ்வொரு காருக்கும் மக்கள் பணம் 24,000 டாலர் செலவானது என்று கணக்குச் சொன்னது. கணக்கில் குறையிருந்தால் காட்டலாம். வெள்ளை மாளிகை என்ன செய்தது? எட்மண்ட்ஸ் செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் கார் விற்பனையை எழுதிக்கொண்டிருக்கிறது என்று கிண்டலடித்தது. கிண்டலடிக்கத் தெரிந்தவர்கள் பின்னால் வந்த ஆய்வுகளைப் பற்றி ஒரு வரி பேசி நான் கேட்டதில்லை. அவர்களுக்குப் பதவி முடிந்து, புத்தகம் எழுதி, வயதும் ஆகிவிட்டது.

2013-இல் புரூக்கிங்ஸ் நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. இந்தத் திட்டத்தால் உண்டான வேலைகளை எண்ணி, செலவை அவற்றால் வகுத்துப் பார்த்திருந்தார்கள். ஒரு வேலைக்கு ஆன செலவு 14 லட்சம் டாலர். அதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. காயலான் கடையில் நான் பார்த்தேனே, அதுவும் இந்தத் திட்டம் கொடுத்த வேலைதான். செத்த வண்டிகளை எண்ணுகிற வேலை. நூற்றெண்பது நாள் கெடு முடிந்து கடைசி வண்டியை நசுக்கியதும் எண்ண ஒன்றுமில்லை, என்னை அனுப்பிவிட்டார்கள். எனக்கு அவர்கள் கொடுத்தது மணிக்குப் பதினோரு டாலர், வரி பிடித்தம் போக. பதினான்கு லட்சத்தில் மிச்சத்தை வாங்கியது யார்?